பெயர் யாருக்குச் சொந்தம்? பிங்க் ஃபுளொய்ட் இசைக்குழுவின் நீண்ட பயணம்

1980ஆம் ஆண்டு மே மாதத்தின் முற்பகுதி. கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கம் செய்யும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. ரெலிபிறின்ரர் கக்கிய காகிதச் சுருளில் தென்னாபிரிக்காவிலிருந்து சிறிய செய்தியொன்று வந்திருந்தது. அங்குள்ள நிறவெறி அரசாங்கம் ஒரு பாடலைத் தடைசெய்திருந்தது. தமக்கு வழங்கப்பட்ட தரக்குறைவான கல்வியை எதிர்த்து வகுப்புகளைப் பகிஷ்கரித்துக்கொண்டிருந்த மாணவர்கள், இங்கிலாந்திலிருந்து வந்த அந்தப் பாடலைத் தமது போராட்டக் கோஷமாக்கிக்கொண்டமையே தடைக்குக் காரணம்.

பக்கத்தை அச்சுக்கு அனுப்பவேண்டிய அவசரம். 'பிங்க் ஃபுளொய்ட் என்னும் பிரித்தானியப் பாடகரின் பாடல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வாறே அச்சாகியது. சில நாட்களின் பின்னர் வாசகர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'ஐயா, அப்படி ஒரு மனிதர் இல்லை. அது ஓர் இசைக்குழுவின் பெயர்' என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். செய்தி ஆசிரியர் அந்த அட்டையை எனது மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துவிட்டுப் போனார். நெடுநாள் அது அங்கேயே இருந்தது.

எனக்குச் சிறிது ஆறுதல் தரும் விடயமொன்றைப் பிற்காலத்தில் அறிந்தேன். இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர்களே இக்குழுவினரைச் சந்தித்தபோது, உங்களில் பிங்க் யார் என்று கேட்டதுண்டாம். அந்தக் கேள்வியை 1975இல் தமது பாடலொன்றிலே வைத்து அவர்கள் கேலி செய்தார்கள். ஆனால், அந்தக் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது அல்ல. அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது, யாருக்கு உரியது என்ற வினாவே இக்குழுவின் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை நடத்திச் சென்றிருக்கிறது.

இரண்டு கறுப்பினக் கலைஞர்கள்

1960களின் முற்பகுதியில் இலண்டன் றீஜன்ற் வீதி பொலிரெக்னிக்கில் கட்டடக்கலை பயின்ற மாணவர்கள் மூவர் சேர்ந்து இசைக்கத் தொடங்கினார்கள். றொஜர் வோட்டர்ஸ், நிக் மேசன், றிச்சர்ட் றைட் என்போரே அவர்கள். வோட்டர்ஸின் ஊரான கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியக் கல்லூரியில் பயில இலண்டன் வந்த சிட் பரெட் பின்னர் இவர்களுடன் இணைந்துகொண்டார். 1946இல் பிறந்த பரெட்டே நால்வரிலும் இளையவர். ஆனால், குழுவுக்கு உயிர் கொடுத்தவரும் அவரே.

பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைச் சேர்ந்த பிங்க் அன்டர்சன், ஃபுளொய்ட் கவுன்சில் என்ற இரு கறுப்பின புளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஓர் இசைத்தட்டின் உறைக் குறிப்பிலிருந்து எடுத்து, இரண்டின் முற்பாதியையும் அவர் ஒட்டவைத்தார். கடலுக்கு அப்பால் எளிய வாழ்க்கை வாழ்ந்த இரண்டு பாட்டுக்காரர்களின் பெயரைச் சூடிக்கொண்டு 1965இல் இக்குழு உருவாகியது. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர்களுடைய முதலாவது இசைத்தட்டு வெளியாகியது. இலண்டன் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாகிக்கொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் பீற்றில்ஸ் குழுவினர் தமது புகழ்பெற்ற 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சிறுவர் கதைகளும் விண்வெளிக் கனவுகளும் கலந்த பரெட்டின் பாடல்கள் அந்த ஆண்டின் இளைஞர்களை ஈர்த்தன. 'ஆர்னல்ட் லேன்', 'சீ எமிலி பிளே' ஆகிய இரு பாடல்களும் பிரித்தானியத் தரவரிசையில் இடம்பிடித்தன.

அழைத்துச் செல்லப்படாதவர்

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பரெட்டின் மனநிலை குலைந்துபோயிற்று. எல்.எஸ்.டி. போதைப்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியமையும் அதற்கு ஒரு காரணமெனப் பலரும் கூறியிருக்கிறார்கள். மேடையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டு நிற்பார். சில வேளைகளில் மீட்டாமலே நிற்பார். கேம்பிரிட்ஜில் அவரோடு கிற்றார் பழகிய நண்பரான டேவிட் கில்மோர் துணைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சில நிகழ்ச்சிகளில் ஐவருமாக மேடையேறினர்.

1968ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருநாள், சவுத்ஹாம்ப்டன் நகரில் நிகழ்ச்சி. வாகனத்தில் புறப்பட்டபோது, சிட்டை ஏற்றிக்கொண்டு போவோமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாமே என்று இன்னொருவர் சொன்னார். வாகனம் அவருடைய வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பெயர் சூட்டியவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டது அவ்வளவு எளிதாக நடந்தேறியது. கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, விடை கொடுத்தலும் இல்லை. அவர் விலகிவிட்டார் என்ற அறிவிப்பு ஏப்ரலில்தான் வந்தது.

அவர்களைக் கல்நெஞ்சர் என்று கூறிவிட முடியாது. பரெட் பின்னர் தனியாக வெளியிட்ட இரு இசைத்தட்டுகளையும் உருவாக்கக் கில்மோர் உடனிருந்து உழைத்தார். முதலாவதில் வோட்டர்ஸும் இரண்டாவதில் றைட்டும் கைகொடுத்தார்கள். ஆயினும், அந்த வாகனம் திரும்பாத மாலைப்பொழுது அவர்களை விட்டு அகலவில்லை என்பதற்கு அவர்களுடைய பிற்காலப் பாடல்களே சாட்சி.

தலைவரை இழந்த குழு, திசை தெரியாமல் சில ஆண்டுகள் அலைந்தது. அக்காலத்திலேதான் 'புறோகிறெசிவ் றொக்' என்ற புதிய போக்கு இங்கிலாந்தில் எழுந்தது. மூன்று நிமிடப் பாடல் என்ற வரம்பை உடைத்து, மேலைத்தேய சாஸ்திரிய இசையையும் ஜாஸையும் மின்னணு ஒலிகளையும் சேர்த்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்தால் நிரப்புவது அதன் இயல்பு. கிங் கிறிம்சன், யெஸ், ஜெனெசிஸ் முதலிய குழுக்கள் அந்த வழியிலே நடந்தன. அவற்றின் கலைஞர்கள் விரல் வேகத்தால் வியக்க வைத்தார்கள். பிங்க் ஃபுளொய்ட் குழுவினரோ வேகத்தில் அவர்களுக்கு ஈடானவர்கள் அல்லர். கட்டடக்கலை மாணவர்கள் அல்லவா, அவர்கள் வெற்றிடத்தை வைத்துக் கட்டினார்கள். 1971இல் வெளியான 'எக்கோஸ்' என்னும் 23 நிமிட ஆக்கம் பியானோவின் ஒற்றைச் சுரத்துடன் ஆரம்பமாகிறது. அந்தச் சுரத்தைத் தொடரும் மௌனமும் அந்த ஆக்கத்தின் ஒரு பகுதியே.

பத்திரிகையாளன் என்ற வகையில் ஒரு தகவலை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1970இல் அவர்கள் உருவாக்கிய நீண்ட ஆக்கமொன்றுக்குப் பெயர் கிடைக்காமல் இருந்தது. கையிலிருந்த மாலைப் பத்திரிகையைப் புரட்டியபோது, அணுசக்தியால் இயங்கும் இதயமுடுக்கி பொருத்தப்பட்ட தாயொருவரைப் பற்றிய செய்தியின் தலைப்புக் கண்ணில் பட்டது. 'அற்றம் ஹார்ட் மதர்' என்று பெயரிட்டார்கள். பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பெற்ற அவர்களது முதலாவது இசைத்தட்டு அதுவே. தலைப்பு எழுதிய உப ஆசிரியர் யாரோ, தெரியாது. எங்கள் தொழிலில் பெயர் தெரியாமலே பெயர் சூட்டுவது வழக்கந்தான்.

இல்லாதவரைப் பற்றிய பாடல்கள்

1973 மார்ச்சில் வெளியான 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', அதாவது நிலவின் இருண்ட பக்கம், அவர்களை உலகின் உச்சியில் ஏற்றியது. அதனை அவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் செய்யவில்லை. ஓராண்டுக்கு முன்பிருந்தே மேடைதோறும் இசைத்துப் பார்த்துத் திருத்தினார்கள். காலம், பணம், போர், பைத்தியம், மரணம் என்பன பற்றிய வரிகள் அனைத்தையும் வோட்டர்ஸ் எழுதினார். மரணத்தைப் பற்றிய றைட்டின் இசைக்குச் சொற்களே இல்லாமல் குரல் கொடுத்த கிளெயர் ரொரி என்ற பாடகிக்கு அன்று கிடைத்த ஊதியம் 30 பவுண். இசையமைப்பில் தமக்கும் பங்குண்டு என்று 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். மறுவருடம் இணக்கம் ஏற்பட்டு, றைட்டின் பெயருடன் அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்தேனும் ஒரு பெயருக்கு நீதி கிடைத்தது.

அந்த இசைத்தட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது ஒரேயொரு வாரந்தான். ஆனால், 1973 தொடக்கம் 1988 வரையான காலத்தில் அத்தரவரிசையில் 741 வாரங்கள் இடம்பெற்றது. இதுவரை 45 மில்லியன் பிரதிகளுக்குமேல் விற்பனையாகியிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

புகழ் வந்தபின் பேசுவதற்கு ஏதுமற்றவர்களாக அவர்கள் ஆனார்கள். அடுத்த இசைத்தட்டுக்குப் பொருளாக அமைந்தவர் பரெட்டே. 1975 ஜூன் 5ஆம் திகதி, அவரை நினைந்து எழுதப்பட்ட 'ஷைன் ஒன் யூ கிறேஸி டயமன்ட்' என்ற நீண்ட ஆக்கத்தின் இறுதி வேலைகளில் அபி றோட் கூடத்தில் அவர்கள் ஈடுபட்டிருந்தபோது, பருத்த உடலும் மழித்த தலையுமாக ஒருவர் உள்ளே வந்து நின்றார். புருவங்களும் மழிக்கப்பட்டிருந்தன. ஒலிப்பதிவுக் கூடத்தின் ஊழியராக்கும் என்று நினைத்தார்கள். சற்று நேரத்தின் பின்னரே அது சிட் என்பது தெரிந்தது. வோட்டர்ஸ் கண்ணீர் விட்டார் என்று உடனிருந்தவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். யாரைப் பற்றிப் பாடினார்களோ, அவர் எதிரே நின்றபோது அவரை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. 'விஷ் யூ வேர் ஹியர்', நீ இங்கிருந்தால் நன்றாயிருக்கும் என்ற பெயருடன் அந்த இசைத்தட்டு செப்டெம்பரில் வெளிவந்தது.

சுவர்

1977 ஜூலையில் கனடாவின் மொன்றியல் விளையாட்டரங்கில் நடந்த நிகழ்ச்சியில், ஆரவாரம் செய்த இரசிகர் ஒருவர்மீது வோட்டர்ஸ் காறி உமிழ்ந்தார். தான் செய்த செயலைக் கண்டு தானே அதிர்ந்துபோன அவர், தனக்கும் சபையினருக்கும் இடையே ஒரு சுவர் எழும்பியிருப்பதாக உணர்ந்தார். அந்த உணர்விலிருந்து 1979இல் 'த வோல்', அதாவது சுவர், பிறந்தது. அவருடைய தந்தையார் எரிக் ஃபிளெட்சர் வோட்டர்ஸ் இரண்டாம் உலகப் போரில், 1944 பெப்ரவரியில், இத்தாலியின் அன்ஸியோ களத்தில் கொல்லப்பட்டபோது மகனுக்கு ஐந்து மாதம். முகம் தெரியாத தந்தை, அடக்கி ஆளும் ஆசிரியர்கள், அளவுக்கு மீறிப் பொத்தி வளர்க்கும் தாய் என ஒவ்வொன்றும் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லானது.

அக்கதையின் நாயகனுக்கு வோட்டர்ஸ் இட்ட பெயர் பிங்க். இல்லாத மனிதரைப் பாடகராக்கிய எனது தவறு அச்சாவதற்குச் சில மாதங்கள் முன்னரே, அவர்களே அப்படியொரு மனிதரைப் படைத்துவிட்டிருந்தார்கள். 1982இல் அலன் பார்க்கர் அதனைத் திரைப்படமாக்கியபோது நாயகன் தன் புருவங்களை மழித்துக்கொள்கிறான். அபி றோட் கூடத்துக்கு வந்து நின்றவரை யார்தான் மறக்க முடியும்?

தென்னாபிரிக்க மாணவர்களின் கோஷமாகிய பாடலும் இந்தத் தொகுப்பில் உள்ளதே. கல்வியின் பேரால் நடக்கும் அடக்குமுறையைச் சாடும் அப்பாடலை இலண்டன் இஸ்லிங்டன் கிறீன் பாடசாலையின் பிள்ளைகளும் சேர்ந்து பாடியிருந்தார்கள். 1979 நத்தார் வேளையில் பிரித்தானியாவில் அது முதலிடம் பெற்றது. ஐந்து மாதங்களில் இன்னொரு கண்டத்தில் ஓர் அரசாங்கம் அதைக் கண்டு அஞ்சியது. வோட்டர்ஸ் அதனை எழுதியபோது கேம்பிரிட்ஜில் தான் படித்த பாடசாலையையே மனத்தில் வைத்திருந்தார். ஆனால், பாடலைக் கையிலெடுத்த மாணவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

சுவரைப் பற்றிப் பாடியவர்களுக்கிடையே உண்மையான சுவர் எழும்பியதும் அக்காலத்திலேதான். ஒலிப்பதிவின்போது வோட்டர்ஸின் வற்புறுத்தலால் றைட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசிப்பவராகத் தோன்றினார். அந்நிகழ்ச்சிகள் பெரும் நட்டத்தில் முடிந்தபடியால், நட்டத்தைச் சுமக்காமல் வருமானம் பெற்றவர் விலக்கப்பட்ட அவர் ஒருவரே என்பது விசித்திரம். 1983இல் வந்த 'த ஃபைனல் கட்' வோட்டர்ஸின் தந்தையாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. ஃபோக்லண்ட் போரைக் கண்டித்த அது பெயரளவில் குழுவுக்குரியதாயினும், உள்ளடக்கத்தில் ஒருவருக்கே உரியது.

வழக்கு

1985இன் இறுதியில் வோட்டர்ஸ் விலகினார். தான் இல்லாமல் அக்குழு இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு. கில்மோரும் மேசனும் அதனை ஏற்கவில்லை. 1986 ஒக்ரோபரில், பிங்க் ஃபுளொய்ட் என்ற பெயரை மேலும் பயன்படுத்துவதைத் தடுக்குமாறு கோரி வோட்டர்ஸ் இலண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

எனது தொழில் வாழ்க்கையில் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கலை மன்றங்களும் பிளவுபட்டதைப் பல தடவை செய்தியாக எழுதியிருக்கிறேன். கொள்கைக்காகப் பிரிந்தோம் என்றே இரு தரப்பாரும் அறிக்கை விடுவார்கள். ஆனால், அவர்கள் முதலில் சண்டையிடுவது பெயர்ப்பலகைக்கும் முத்திரைக்குமே. கொள்கையை எடுத்துக்கொண்டு போகலாம். பெயரை இரண்டாக வெட்ட முடியாது. எனவேதான் இந்த வழக்கு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 1973இலிருந்து ஏறத்தாழ எல்லா வரிகளையும் எழுதியவர், பெரும் கருத்துகளைத் தந்தவர் வோட்டர்ஸ். அந்த வரிகளுக்கு மக்கள் மறக்க முடியாத குரலையும் கிற்றாரையும் தந்தவர் கில்மோர். முதலாவது இசைத்தட்டிலிருந்து எல்லாவற்றிலும் இடம்பெற்ற ஒரேயொருவர் ட்ரம்ஸ் கலைஞர் மேசன். வழக்குக் காலத்தில் ஒருவரும் நினைத்துப் பார்க்காத நான்காவது உரிமையாளர் ஒருவரும் இருந்தார். அவர் கேம்பிரிட்ஜில் தாயாரின் வீட்டில் தோட்டம் செய்துகொண்டும் படம் வரைந்துகொண்டும் இருந்தார். எந்த நீதிமன்றத்திலும் அவர் பெயரைக் கேட்டு வழக்காடவில்லை.

1987 டிசெம்பரில், தேம்ஸ் நதியில் மிதந்த கில்மோரின் படகு வீட்டில் இணக்கம் கைச்சாத்திடப்பட்டது. பெயர் கில்மோருக்கும் மேசனுக்கும், 'சுவர்' வோட்டர்ஸுக்கு. அந்த ஆண்டு இரு தரப்பாரும் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்திருந்தார்கள். பெயரை வைத்திருந்தவர்கள் விளையாட்டரங்குகளை நிரப்பினார்கள். அப்பாடல்களை எழுதியவரோ சிறிய மண்டபங்களில் பாடினார். பெயரின் வலிமை அப்படிப்பட்டது. வழக்குத் தொடுத்தது தவறு என்று 2013இல் பி.பி.சி. செவ்வியில் வோட்டர்ஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

1989 ஜூலையில் கில்மோரின் குழு வெனிஸ் நகரில் மிதக்கும் மேடையில் இசைத்தபோது இரண்டு இலட்சம் பேர் திரண்டனர். நகரத்துக்கு ஏற்பட்ட சேதத்தால் எழுந்த எதிர்ப்பில் மாநகர நிர்வாகமே பதவி விலக நேர்ந்தது. ஓராண்டின் பின்னர், 1990 ஜூலை 21இல், வோட்டர்ஸ் பேர்லின் மதில் வீழ்ந்த இடத்தில் தனது 'சுவரை' எழுப்பி இடித்துக் காட்டினார். இரண்டும் மாபெரும் வெற்றிகள். இரண்டிலும் மேடையில் யாரோ ஒருவர் குறைவாகவே இருந்தார்.

நான்கு பாடல்கள்

2005 ஜூலை 2ஆம் திகதி இலண்டன் ஹைட் பார்க்கில், ஆபிரிக்க வறுமை ஒழிப்பை வலியுறுத்திய 'லைவ் 8' நிகழ்ச்சியில், பொப் கெல்டோஃபின் விடாமுயற்சியால் வோட்டர்ஸ், கில்மோர், றைட், மேசன் நால்வரும் 24 ஆண்டுகளின் பின்னர் ஒரே மேடையில் நின்றனர். அந்தத் திரைப்படத்தில் பிங்க்காக நடித்தவர் அதே கெல்டோஃப்தான். நான்கு பாடல்கள் மாத்திரமே. 'விஷ் யூ வேர் ஹியர்' பாடுமுன்னர், இங்கே இல்லாத எல்லோருக்காகவும், குறிப்பாக சிட்டுக்காகவும் பாடுவதாக வோட்டர்ஸ் கூறினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மேசைக் கண்ணாடியின் கீழிருந்த பழைய அஞ்சலட்டை நினைவுக்கு வந்தது.

மறுவருடம் ஜூலை 7இல் பரெட் 60ஆவது வயதில் காலமானார். 2008 செப்டெம்பரில் றைட்டும் மறைந்தார். நால்வரும் மீண்டும் சேரும் வாய்ப்பு அத்துடன் முடிந்துபோயிற்று. 2011இல் வோட்டர்ஸின் இலண்டன் நிகழ்ச்சியொன்றில் கில்மோரும் மேசனும் தோன்றினார்கள். றைட்டின் பழைய ஒலிப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 2014இல் 'த எண்ட்லெஸ் றிவர்' வெளியாகியது. ரஷ்யப் படையெடுப்பைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில், உக்ரேனியப் பாடகர் அண்ட்றி ஹ்லிவ்னியூக்கின் குரலைச் சேர்த்துக் கில்மோரும் மேசனும் அதே பெயரில் ஒரு பாடலை வெளியிட்டார்கள். அந்தப் போர் பற்றிய வோட்டர்ஸின் கருத்துகளோ வேறானவை. மறுவருடம் இரு தரப்பாரின் பகை மீண்டும் பகிரங்கமாக வெடித்தது. எண்பதை எட்டியபோதும் ஆறாத பகை அது.

2024 ஒக்ரோபரில் முடிவு வந்தது. குழுவின் ஒலிப்பதிவுகளின் உரிமையும், பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையும் சோனி நிறுவனத்துக்கு விற்கப்பட்டதாகவும், விலை சுமார் 400 மில்லியன் டொலர் என்றும் செய்திகள் வெளியாகின. பாடலாக்க உரிமைகள் அதில் அடங்கவில்லை. முடிவில்லாத வாக்குவாதங்களிலிருந்து விடுபடுவதே தனது விருப்பம் என்று அதற்குச் சில வாரங்கள் முன்னர் கில்மோர் கூறியிருந்தார். நீதிமன்றம் வரை சென்று போராடிய பெயர், இறுதியில் போராடியவர்கள் எவரிடமும் இல்லை.

அந்தப் பெயரை முதலில் சுமந்த இருவரையும் மறந்துவிட வேண்டாம். பிங்க் அன்டர்சன் 1974இலும் ஃபுளொய்ட் கவுன்சில் 1976இலும் காலமானார்கள். பரெட்டின் கண்ணில் பட்ட ஓர் உறைக் குறிப்பில் அவர்களுடைய பெயர்கள் அருகருகே அச்சாகியிருந்தன. அதற்கப்பால் அந்தக் குழுவுடன் அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பெயரின் முதல் உரிமையாளர்களான அவ்விருவரும் அதற்காக ஒரு சதமும் கேட்கவில்லை.

அப்படியானால், பெயர் யாருக்குச் சொந்தம்? 1980இல் கேப் டவுனிலும் ஜொகானஸ்பேர்க்கிலும் பாடசாலை வாசல்களில் நின்று பாடிய பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எழுந்திராது. பாடல் அவர்களுடையதாகிவிட்டது. நான் செய்தியில் இட்ட பிழையைவிட அந்தச் செய்தியின் உட்பொருள் பெரிது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இத்தனை வருடங்கள் சென்றன. எனினும் பிழை பிழையே. அன்றைய அஞ்சலட்டையை எழுதிய வாசகர் எங்கிருந்தாலும், தாமதமாகவேனும் இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்வாராக.